அறாத ரப்பர்

2008 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு முந்திரித் தோப்பில் மண்டியிட்டு, இரண்டு கறுப்பு ரப்பர் துண்டுகளை எடுத்து என் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

புதிதாக வேலைக்குச் சேரும் என்ஜினீயர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். செம்மங்குப்பம் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவன் நான். பம்ப், வால்வு, கேஸ்கட் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் நான் எழுதவேண்டியது ஓய்வுபெற்ற பிறகு சம்பளம் இல்லாமல் பார்த்த ஒரு வேலையைப் பற்றி.

1. தார்ப்பாய்ப் பேச்சு

2004இல் ஓய்வுபெற்றேன். மறு ஆண்டு, பொழுதுபோக்காகப் பாராசூட்டில் குதிக்கும் ஒரு சிறு குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கடலூர், சிதம்பரம், புதுச்சேரியிலிருந்து வந்த பதினைந்து பேர். ஆண்டுக்கு இரண்டு முறை சிறிய விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கடலூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பழைய ஓடுதளத்தில் நான்கு நாள் முகாம் போடுவார்கள். கல்லூரிக் காலத்தில் மாணவர் படையில் ஐந்து முறை குதித்தவன் என்பதால் வேடிக்கை பார்க்கப் போனேன். போன அன்றே ஒருவருடைய பட்டையில் சிக்கியிருந்த பக்கிளைச் சரிசெய்து கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் என்னைக் ‘கியர் இன்சார்ஜ்’ ஆக்கிவிட்டார்கள்.

குதிப்பது சில நிமிட வேலை. மீதி நாள் முழுவதும் தார்ப்பாயில் உட்கார்ந்து பேச்சுதான். எந்த ஷூ, எந்த ஹெல்மெட், எத்தனை சதுர அடித் துணி. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பேன்.

அங்கே என்னிடம் அதிகம் கேட்டவர் மணிமாறன். சிதம்பரம் மேல வீதியில் மருந்துக்கடை வைத்திருந்தார். முப்பது வயது. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, இந்த ஷூ போதுமா?”

“கொக்கி வெச்ச ஷூ வேணாம். லைன் போய் மாட்டிக்கும்.”

“கண்ணாடி போட்டவன் என்னா மாமா பண்றது?”

“மேல காகிள்ஸ் போடு. அப்பதான் எறங்கினதும் பொண்டாட்டிய அடையாளம் தெரியும்.”

“தெரியாம இருந்தாத்தான் மாமா நிம்மதி.”

உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் புதிதாக வாங்கியதும் அதைக் கையில் கட்டிக்கொண்டு திருவந்திபுரம் மலைக்குப் போய்விட்டு வந்தார். “மேல வரைக்கும் ஏறிப் பாத்துட்டேன் மாமா. முள்ளு அசையவே மாட்டேங்குது. ரிப்பேரா?”

பதில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து வந்தது. “எழுவது எம்பது படிக்கு அது அசைஞ்சாத்தான் சார் ரிப்பேரு.”

அவர்தான் கலியபெருமாள். காடாம்புலியூர்க்காரர். ராணுவத்தில் பதினைந்து ஆண்டுகள் பாராசூட் பிரிவில் இருந்துவிட்டு வந்து, ஊரில் முந்திரி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் பேக்கர் அவர்தான். குதித்து முடித்ததும் மணிமாறன் போன்றவர்கள் பாராசூட்டை அள்ளிக்கொண்டு வந்து தார்ப்பாயில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதை மடித்து, லைனை நேராக்கி, மறுபடி முதுகில் மாட்டும்படி ஆக்கித் தருவது கலியபெருமாள். அவர் மடித்தது என்றால் யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

2. சைக்கிள் டியூப்

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாராசூட் துணியை மடித்து ஒரு சின்னப் பைக்குள் வைப்பார்கள். துணியிலிருந்து வரும் நீண்ட லைன்களை வளைத்து வளைத்துப் பையின் மேலுள்ள ரப்பர் பேண்டுகளில் செருகுவார்கள். பையின் வாயை மூடி வைத்திருப்பவையும் அப்படிச் செருகிய இரண்டு ரப்பர்கள்தாம். குதித்தவர் கைப்பிடியை இழுத்து வீசினால் ஒரு குட்டிப் பாராசூட் அந்தப் பையை மேலே இழுக்கும். லைன்கள் ரப்பரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் வாய் திறந்து துணி விரியும்.

அந்த ரப்பர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எங்கள் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் சீக்கிரம் இற்றுப்போகும். அதிலும் வாயில் இருக்கும் இரண்டும் அடிக்கடி அறும். 2007 நடுவில் நடந்த முகாமில், இரண்டாம் நாளே பாக்கெட் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை மஞ்சக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடையில் டியூப் வாங்கி, குறுக்கே வளையம் வளையமாக வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். கலியபெருமாள் மட்டும் மணிமாறனுடைய பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தார். வளையத்தைக் கொடுத்தேன். இரண்டு விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

“சார், இது அறாது சார்.”

“அதுக்குத்தானப்பா போடறேன்.”

“இல்ல சார். லைன் சிக்கிச்சின்னா ரப்பர் அறணும் சார். அதுக்குன்னேதான் அத மெலிசா வெச்சிருக்காங்க. இது புடிச்சிக்கிட்டா பை தொறக்காது.”

“முப்பத்திரண்டு வருஷம் ரப்பரோட குடித்தனம் பண்ணவன் நான். எனக்கே பாடம் எடுக்கறியா?”

“பாடம் இல்ல சார்...”

“வாயில இருக்கற ரெண்டுக்கு மட்டும் போடு. ஒரு பத்து ஜம்ப் பாப்போம். அப்பறம் கேப்டன்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

கேப்டன் என்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பயிற்சியாளர். முகாமுக்கு மட்டும் வருவார். எந்தப் பொருளை மாற்றினாலும் அவரிடம் சொல்லவேண்டும் என்பது எங்கள் விதி. கலியபெருமாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடி போட்டார். நான் பெரியவன், படித்தவன், என்ஜினீயர். மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

அந்த முகாமில் மணிமாறன் எட்டு முறை குதித்தார். எட்டும் நன்றாக விரிந்தன. ரப்பர் புதிது போலவே இருந்தது. நான் கேப்டனிடம் சொல்லவில்லை. மணிமாறனிடமும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அதை மறந்தும்விட்டேன்.

3. தோப்பு

ஜனவரி முகாம். அன்று மணிமாறனுக்கு அது இரண்டாவது ஜம்ப். நானும் கலியபெருமாளும் தார்ப்பாய் அருகில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மணிமாறன் இழுத்து வீசினார். குட்டிப் பாராசூட் மேலே போனது. லைன்கள் நீண்டன. அவருடைய தலைக்கு மேல் பை ஒரு மூட்டை போல ஆடிக்கொண்டிருந்தது. துணி வெளியே வரவில்லை.

“சார், பை தொறக்கல” என்றார் கலியபெருமாள். அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். “கட் பண்ணுங்க சார்! விட்டுட்டு ரிசர்வ இழுங்க! மணி சார்!”

அவ்வளவு உயரத்துக்கு எந்தக் குரலும் கேட்காது. மணிமாறன் லைன்களைப் பிடித்து உலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே நேரம் போய்விட்டது. ஒருவழியாக மெயின் பாராசூட்டை அறுத்துவிட்டு, அவசரத்துக்கென்று முதுகில் இருக்கும் ரிசர்வ் பாராசூட்டை இழுத்தபோது மிகவும் கீழே வந்திருந்தார். ரிசர்வ் விரிந்தது. ஆனால் திருப்புவதற்கு இடமில்லை. தோப்பின் ஓரத்தில் ஒரு வரப்பின் மேல் முதுகு மோத விழுந்தார்.

எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள். நான் வேறு பக்கம் ஓடினேன். அறுத்துவிட்ட பை தோப்புக்குள் எங்கே விழுந்தது என்று பார்த்து வைத்திருந்தேன்.

பை ஒரு முந்திரி மரத்தடியில் கிடந்தது. வாயில் இருந்த ஒரு ரப்பர் லைனின் மடிப்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்ததுபோல் பிடித்திருந்தது. சாதாரண ரப்பராக இருந்தால் அந்த இழுப்புக்கு எப்போதோ அறுந்திருக்கும்.

தொழிற்சாலையில் ரசாயனத்தைக் கலக்கும் பெரிய அஜிடேட்டர்களில் ஷியர் பின் என்று ஒரு சிறிய பின் இருக்கும். சுமை மீறினால் மோட்டார் எரிவதற்கு முன் அது உடையவேண்டும். அடிக்கடி உடைகிறதே என்று யாராவது கெட்டியான போல்ட்டைப் போட்டால் நான் ஆடித் தீர்த்துவிடுவேன். “உடையறதுக்குன்னே போட்ட பின்னுய்யா அது! நீ என்னா அதுக்கு உயிர் குடுக்கற?” என்று எத்தனை டிரெய்னிகளைத் திட்டியிருக்கிறேன். அதே வாக்கியத்தைத்தான் கலியபெருமாள் வேறு சொற்களில் என்னிடம் சொன்னார். தார்ப்பாயில் உட்கார்ந்து சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு ரப்பரையும் உருவிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். துணியை உதறி வெளியே எடுத்தேன். கேப்டன் மூச்சு வாங்க வந்தார். கலியபெருமாள் அவருக்குப் பின்னால் நின்றார்.

“என்ன சார் ஆச்சு?”

“லைன் முடிச்சு விழுந்திருக்கு” என்றேன்.

பையின் வாயில் ரப்பர் இல்லாததைக் கேப்டன் பார்த்தார். அறுந்து விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார். திரும்பிக் கேட்டார். “நீதானேய்யா பேக் பண்ணே?”

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான் சார்.”

“உன்ன நம்பித்தானய்யா எல்லாரும் குதிக்கறாங்க! இனிமே தார்ப்பாய் பக்கம் வராத.”

பேக் செய்யும்போது பயன்படுத்தும் நாடா ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதைக் கழற்றி, தார்ப்பாயில் மடித்து வைத்துவிட்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார்.

4. ஆஸ்பத்திரி

மணிமாறனுக்கு முதுகெலும்பில் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இடது பாதம் பழையபடி வராது என்றார்கள். சிதம்பரத்தில் அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சொந்த மாமா மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று மணிமாறனின் மனைவி மற்றவர்களிடம் சொன்னார்.

நான்காம் நாள் கலியபெருமாள் ஒரு பையில் முந்திரிப் பருப்போடு வந்தார். மணிமாறனின் மனைவி உள்ளே வந்து சொன்னார்.

“அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லு” என்றார் மணிமாறன். “என் கால எடுத்தவன்.”

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன். சுளைகளில் இருந்த நாரையும் எடுத்தேன்.

அவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாம் முறை நான் வெளியே போனேன். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். “எழுந்து ஒக்கார்றாரா சார்?” என்று மட்டும் கேட்டார்.

“ஒக்கார்றாரு. நீ போப்பா, நான் பேசறேன்” என்றேன். பேசவில்லை.

வெளிமாநிலத்தில் ஒரு குழு கலியபெருமாளை மாதச் சம்பளத்துக்குப் பேக்கராக எடுப்பதாக இருந்தது. கேப்டனிடம் விசாரித்தார்கள். பிறகு அவரைக் கூப்பிடவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று இருந்தது. தாமதமாகத் தாமதமாக, தவறைச் சொல்வதோடு தாமதத்தையும் விளக்கவேண்டியதாயிற்று. அது இன்னும் கடினமாக இருந்தது.

5. காடாம்புலியூர்

2011 கடைசியில் வந்த புயல் அந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. கலியபெருமாளின் தோப்பும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பிப்ரவரியில் ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். விழுந்த மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரம்பத்தை வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார்.

“வாங்க சார். ஒக்கார மரந்தான் இருக்குது, ஒக்காருங்க.”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மேசை இழுப்பறையில் நான்கு ஆண்டுகள் கிடந்த இரண்டு ரப்பரையும் எடுத்து நீட்டினேன்.

“நீங்க பாக்கெட்ல போட்டத நான் பாத்தேன் சார்” என்றார்.

“பாத்தியா? அப்ப ஏம்ப்பா சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். கேப்டன் கேட்டப்ப ஒங்க மூஞ்சியத்தான் பாத்துகிட்டு இருந்தேன். அப்பறம் யோசிச்சேன். வேணாம்னு தெரிஞ்சும் போட்டது என் கைதானே. எம் பேர்ல பாதி தப்பு இருக்குது சார்.”

“எனக்குப் பயந்துதானே போட்டே.”

“அதான் சார் அந்தப் பாதி.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “எங்கிட்ட சொல்லி என்னா சார்? எனக்குத் தெரிஞ்சதுதானே. மணி சார்கிட்ட சொல்லுங்க. அவரு என்னப் பத்தி அப்பிடி நெனச்சிகிட்டு இருக்கறதுதான் எனக்கு ரொம்ப ஜாஸ்தியா வலிக்குது.”

அங்கிருந்து நேராகச் சிதம்பரம் போனேன். மணிமாறன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கைத்தடி அலமாரியில் சாய்ந்திருந்தது. “வாங்க மாமா!” என்று சிரித்தார். அந்த ‘மாமா’வை நான் கேட்டது அதுதான் கடைசி.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார். தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

“மூணு தடவ வந்தாரு. நீங்க அந்த ஸ்டூல்லதானே ஒக்காந்து இருந்தீங்க?”

“ஆமாம்.”

“அவரு நம்பர் இருக்கா?”

கொடுத்தேன். என் எதிரிலேயே போன் போட்டார். எடுத்ததும் “கலியண்ணே” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இறங்கி வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே கேப்டனுக்கும் எழுதிப் போட்டேன். அவரும் கலியபெருமாளைக் கூப்பிட்டுப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். வேலை மட்டும் திரும்ப வரவில்லை. அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இளம் என்ஜினீயர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பொருள் அடிக்கடி அறுந்தால், அதைக் கெட்டியாக்குவதற்கு முன் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கையால் வேலை செய்கிறவர் வேண்டாம் என்றால், உங்கள் சர்வீஸ் எத்தனை வருஷம் என்று சொல்லி அவர் வாயை மூடாதீர்கள். தவறு நடந்துவிட்டால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அன்று தோப்பில் விடைபெறும்போது கலியபெருமாள் அந்த ரப்பர்களில் ஒன்றை வாங்கி, பழையபடி இரண்டு விரலில் மாட்டி, நன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இன்னமும் அறல சார்” என்றார். “நீங்களே வெச்சிக்குங்க.”