பிழையாகப் பேசக் கற்பித்த காலம்

ஹம்பேர்க் தமிழர் மத்தியில் என்னைப் பற்றி ஒரு கதை இன்றும் உலவுகிறது. தொண்ணூறுகளில் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கச் சிறுவர் நகைச்சுவைத் தொடரின் ஜேர்மன் வடிவத்தில், சிவப்புத் தாடி வைத்த மீன்வியாபாரி ஒருவன் இலக்கணப் பிழையோடு ஒரேயொரு வாக்கியம் பேசுவான். அந்தக் குரல் சவரிமுத்து மாஸ்டருடையது என்பதே அக்கதை. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பட்டதாரி, பொதுமேடையில் பிழை விட்டவர்களை அந்த இடத்திலேயே திருத்துகிறவர், தொலைக்காட்சியில் போய்ப் பிழை விட்டார் என்பதில் சிலருக்குத் தனி இன்பம்.

குரல் என்னுடையதுதான். பிழையும் என்னுடையதுதான். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் இருவர். மற்றவர் எழுதும் வழக்கமில்லாதவர். ஆகவே நான் எழுதுகிறேன்.

1. நியமனம்

பிறநாட்டுப் படங்களுக்கு ஜேர்மன் குரல் கொடுக்கும் ஸ்ரூடியோ ஒன்றில் அப்போது வேலை செய்தேன். நிலவறையிலிருந்த களஞ்சியத்தில் ஒலிநாடாக்களுக்கு இலக்கமிட்டு அடுக்குவது என் கடமை. ஒருநாள் குரற்பதிவு இயக்குநர் ஹெர் லோரன்ஸ் படியிறங்கி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததேயில்லை.

"ஹெர் சவ்ரி, நீங்கள் முந்தி ஆசிரியர் எண்டு சொன்னவை. உண்மையே?"

"பதினெட்டு வருசம்."

"மேல ஒரு நடிகருக்கு டொச் பழக்கவேணும். வாங்கோ."

டொச் என்பது ஜேர்மன் மொழி. வேலைமேலங்கியைக் கழற்றிவிட்டு என் கோட்டை அணிந்துகொண்டேன். கடைசியில் ஒரு நிறுவனத்துக்கு என் தகைமை விளங்கிவிட்டதென்று எண்ணியபடியே படியேறினேன். பாதிப் படியில் அவர் விளக்கம் தந்தார்.

"அந்த மனிசன் டொச் நல்லாக் கதைக்கிறார். அதுதான் பிரச்சினை. வெளிநாட்டுக்காரர் எப்பிடிப் பிழை விடுவினம் எண்டு நீங்கள் காட்டிக் குடுங்கோ."

"நான் பிழை விடுவதில்லை" என்றேன்.

"மற்ற ஆக்கள் விடுறதைக் கேட்டிருப்பீங்கள்தானே?"

அதை மறுக்க இயலவில்லை. எங்கள் சங்கக் கூட்டங்களுக்கு நான் ஒழுங்காகப் போகிறவன்.

நேரப் பதிவேட்டில் அன்று என் பெயருக்கு எதிரே "மொழிப் பயிற்றுநர்" என்று எழுதினார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோரிடம் அந்தப் பதவியைத் தெரிவித்தேன். எதைப் பயிற்றுவிக்கிறேன் என்பதைத் தெரிவிக்கவில்லை.

2. மாணவர்

மாணவரின் பெயர் ஊவே. நாற்பது வயது, தகப்பன் கானா நாட்டுக் கப்பற் சமையற்காரர், தாய் ஹம்பேர்க் மீன்சந்தைப் பக்கத்துப் பெண். பிறந்தது, வளர்ந்தது, திருமணம் செய்து பிரிந்தது எல்லாம் அந்த நகரத்திலேயே. வானொலியில் வெண்ணெய்க்கும் பியருக்கும் விளம்பரம் சொல்லும் குரல் அவருடையது. முகத்தைக் காணாததால் ஊர் முழுதும் அவரைத் தாடி வைத்த கிழட்டு மாலுமியென்றே நம்பியிருந்தது. "மொயின்" என்று அவர் வணக்கம் சொன்னால் துறைமுகமே கொட்டாவி விட்டதுபோல் இருக்கும்.

தொடரில் ஒரு கறுப்பர் வருவார். பள்ளிக்கூடக் காவலாளி. எலிக்குப் பயம், இருட்டுக்குப் பயம், எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, கண்ணை உருட்டுவது. அமெரிக்க மூலத்தில் அவர் பெயர் மிஸ்டர் டொட்சன். ஜேர்மன் பிரதியில் யாரோ அதை "ஜம்போ" என்று மாற்றியிருந்தார்கள். கறுப்பருக்குக் கறுப்பரே குரல் கொடுக்கட்டும் என்று ஹெர் லோரன்ஸ் ஊவேயை அழைத்திருந்தார். அழைத்தபின், அவர் ஆபிரிக்கர்போலப் பேசவில்லையே என்று கவலைப்பட்டார்.

மூல ஒலியை நான் காதுக்கருவியில் கேட்டேன். எலியைக் கண்டு கதிரைமேல் ஏறிய டொட்சன் சொல்வது இது: "சமையலறைக் கதவை மூடிவிட்டுப் போகும் சிரமத்தை யாராவது ஏற்றிருந்தால், நான் இந்த வயதில் இந்தக் கதிரையின்மேல் நின்றுகொண்டிருக்க வேண்டி வந்திராது." நிபந்தனை வாக்கியம் ஓரிடத்திலும் வழுவவில்லை. அந்தத் தொடரிலேயே ஒழுங்காக ஆங்கிலம் பேசியவர் அவர் ஒருவர்தான். ஜேர்மன் பிரதியில் அதே இடத்தில் இருந்தது: "எலி! ஜம்போ பயம்! கிகிகி!"

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஆனாலும் ஏற்ற கடமையை அரைகுறையாகச் செய்வது என் பழக்கமல்ல. பிழைகளை நான்கு வகையாகப் பிரித்து அட்டவணை எழுதிக் கொடுத்தேன். ஊவே அதைக் கவனமாக வாசித்தார்.

"ஏலுதில்லை, மைஸ்டர்" என்றார். தமிழர் என்னை மாஸ்டர் என்று அழைப்பதாக நான் சொல்லக் கேட்டு, அதை ஜேர்மனில் மைஸ்டர் ஆக்கியிருந்தார். "பிழையாத்தான் தொடங்குறன். வாய் தானாத் திருத்துது."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஹெர் லோரன்ஸ் சத்தமிட்டார்: "இன்னும் கொஞ்சம் ஆபிரிக்கத்தனமாய்!"

"நான் ஆபிரிக்காவுக்குப் போகேல்லையே. டென்மார்க்குக்குத்தான் ஒருக்காப் போனனான். அது வேணுமெண்டால் செய்யலாம்."

மூன்று வாரத்தில் ஊவே பிழை விடப் பழகிவிட்டார். என் மாணவர்களில் அவ்வளவு விரைவாகத் தேறியவர் வேறெவருமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே மறைக்கக் கூடாது.

3. தொலைபேசி

அந்த நாட்களில் ஒரு மாலை மனைவி ஸ்ரூடியோவுக்குத் தொலைபேசி எடுத்தார். "இஞ்சாருங்கோ, என்ன இன்னும் காணேல்லை?"

"இந்தக் காப்பிலிக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். பிந்தித்தான் வருவன்" என்றேன்.

இளையோருக்காகச் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊரில் கறுப்பினத்தவரைக் குறிக்க வழங்கிய சொல். மரியாதையான சொல் அல்ல. என் வகுப்பிலும் நிறம் கறுத்த பையன் ஒருவனுக்கு அதுவே பட்டப்பெயர். சொற்பிழை விட்டவனைத் திருத்திய நான், அந்தச் சொல்லைச் சொன்னவனைத் திருத்தியதில்லை.

ஊவே பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். "என்னைப் பற்றித்தானே கதைச்சனீங்கள்? அதென்ன, காப்பிலி?"

அவர் அதை உச்சரித்த துல்லியம் எனக்குத் திகைப்பூட்டியது. ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அவர் தொழில்.

"டீ கொலேக" என்றேன். ஜேர்மனில் கொலேக என்றால் உடன் வேலை செய்பவர். "எங்கள் மொழியில் அப்படிச் சொல்வோம்."

"வடிவான சொல்லு" என்றார் ஊவே. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

4. கதிரை

முதற் பகுதிகள் ஒளிபரப்பாகத் தொடங்கி இரண்டாம் வாரம், என் மகள் ரெஜினா பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் போனாள். பதினொரு வயது, அழுது காட்டுகிற பிள்ளையல்ல. வகுப்புப் பிள்ளைகள் அவளைக் கதிரையில் ஏறச் சொல்லி, "எலி! ஜம்போ பயம்!" என்று கைதட்டியிருக்கிறார்கள். அவள் பதில் சொன்னபோது, "ஜம்போ டொச் தெரியாது! கிகிகி!" என்றார்களாம். அவள் அந்த வகுப்பில் டொச் பாடத்தில் முதலாவது.

"அப்பா, நான் என்ன காப்பிலியே?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா, நீ காப்பிலி இல்லை" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த ஆறுதல் அதுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப காப்பிலியளுக்கெண்டால் அப்பிடிச் செய்யலாமோ?"

அந்தப் பிள்ளைகள் கிண்டல் செய்த பேச்சு, என் அட்டவணையைப் பார்த்து ஊவே பழகியது. ஜம்போவின் டொச் நான் பழக்கியது. இது வெளியே தெரிந்தால் என் பெயர் என்னாகும் என்பதே முதலில் எனக்கு வந்த பயம். அவளுடைய கேள்விக்கு விடை தேட அதன்பிறகுதான் தொடங்கினேன்.

5. வாய் திறந்திருக்கிறது

மறுநாள் ஹெர் லோரன்ஸிடம் பேசினேன். "பிள்ளையளுக்குச் சிரிப்பு வேணும், ஹெர் சவ்ரி. அந்த ஆள் ஒழுங்காய்க் கதைச்சால் குழம்பிப் போவினம்" என்றார். எனக்கு அறம் பேச வரும், ஆனால் அது அங்கே விலைபோகவில்லை.

விலைபோனது உதடு. குரற்பதிவில் படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகப் பதிவார்கள். அதற்கு ரேக் என்று பெயர். உதட்டசைவும் சொல்லும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். எங்கள் ஸ்ரூடியோவில் அது பிறவ் ஹில்டா என்ற பெண்மணி. கம்பளி பின்னிக்கொண்டே படம் பார்ப்பார். பொருந்தாவிட்டால் ஊசியை உயர்த்துவார்.

ஜம்போ வரும் ரேக்கிலெல்லாம் ஊசி உயர்ந்தது. "ஹெர் லோரன்ஸ், சொல்லு முடிஞ்சுது, வாய் இன்னும் திறந்திருக்கு."

"சிரிப்பைப் போட்டு நிரப்புங்கோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டொட்சன் நீண்ட வாக்கியம் பேசுகிறார். அதை மூன்று சொல்லாக முறித்தால் மீதி வாய் வெறுமையாகிவிடுகிறது. அந்த வெறுமையை அடைக்கத்தான் "கிகிகி". அந்த மனிதர் திரையில் ஓரிடத்திலும் சிரிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு இரவு இருந்து பத்து வாக்கியங்களை முழுமையாக ஜேர்மனில் எழுதினேன். அசை எண்ணி, உதடு மூடும் இடத்தில் உதடு மூடும் எழுத்து வைத்து, ஆறாம் வேற்றுமை உட்பட எதையும் குறைக்காமல். ஊவேயிடம் கொடுத்தபோது, "எலியைக் கண்டு ஆறாம் வேற்றுமையே?" என்றார். பிறகு மைக்கின் முன் போய், கதிரைமேல் நிற்கும் ஒரு நீதவானைப்போல அந்தக் கதவைப் பற்றிய வாக்கியத்தைப் பேசினார். கண்ணாடிக்கப்பால் ஒலிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறவ் ஹில்டா ஊசியை உயர்த்தவில்லை.

"ஒரே தரத்தில முடிஞ்சுது" என்றார் அவர். "பேரும் பிழை. ஜம்போ எண்டால் உதடு மூடவேணும். படத்தில மூடுதில்லை. டொட்சன் எண்டால் பொருந்தும்."

ஹெர் லோரன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று வழக்கத்தைவிட இரண்டு மணிநேரம் முந்தி வேலை முடிந்திருந்தது. அவருக்கு அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. காவலாளி முதுகு காட்டி நிற்கும் ஓரிடத்தில், வாய் தெரியாத துணிவில், "இனிமேல் என்னை மிஸ்டர் டொட்சன் என்று அழைக்கவும்" என்றொரு வசனத்தைச் செருகினோம்.

நான் வெற்றிக் களிப்போடு இருந்தேன். ஊவே திரையைக் காட்டினார். "வாயைத் திருத்திப்போட்டம், மைஸ்டர். காலைத் திருத்த ஏலாது. அது இன்னும் கதிரையிலதான் நிக்குது."

6. பிரதம விருந்தினர்

அவ்வாண்டுத் தமிழ்ப் பாடசாலை விழாவுக்கு ஊவேயைப் பிரதம விருந்தினராக அழைத்தேன். தொலைக்காட்சிக் கலைஞர் ஒருவரை மாஸ்டர் அழைத்து வருகிறார் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னாடை போர்த்தினோம். அவர் மைக்கைப் பிடித்து, என் பேச்சிலிருந்து பொறுக்கிய சொற்களை வைத்து, தெளிவான தமிழில் சொன்னார்:

"வணக்கம். நான் மாஸ்டரின்ர காப்பிலி."

அவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"மாஸ்டர் என்ர காப்பிலி."

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு முழு மண்டபமும். ஊவே தலைவணங்கினார். முன்வரிசையில் ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து எஸ்-பான் என்னும் நகர ரயிலின் மேடைவரை ஊவேயோடு நடந்தேன். ரயிலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. அந்தச் சொல்லின் பொருளை ஜேர்மனில் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் பொன்னாடையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னது?"

"நீங்கள்தான். நான் குரலை வைச்சுச் சீவிக்கிறவன், மைஸ்டர். போனில அதை நீங்கள் சொன்ன மாதிரி ஆரும் கொலேகயைச் சொல்லமாட்டினம். அதோட, என்னட்டைச் சொல்லேக்கை நீங்கள் 'டேர் கொலேக' எண்டு சொல்லேல்லை. 'டீ கொலேக' எண்டனீங்கள். ஆம்பிளைக்கு முன்னால பெண்பால் 'டீ'யைப் போட்டனீங்கள். அதுக்கு முந்தியும் பிந்தியும் நீங்கள் ஒரு பிழை விட்டு நான் கேட்டதில்லை."

"பிறகேன் மேடையில் சொன்னீர்கள்?"

"நீங்கள் திருத்துவீங்கள் எண்டு பாத்தனான். எல்லாரையும் திருத்துறனீங்கள்தானே."

ரயில் வந்தது. அவர் ஏறினார். மறுவாரம் முழுதும் என்னிடம் "மொயின்" தவிர வேறொன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பாடசாலையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டி, அந்தச் சொல்லை எங்கே பொறுக்கினேன், எப்படிப் பயன்படுத்தினேன், பொருள் கேட்டவரிடம் என்ன பொய் சொன்னேன், ஜம்போவின் டொச்சைப் பழக்கிக் கொடுத்தது யார் என்பவற்றை எழுந்து நின்று வாசித்தேன். "இது என்ன பெரிய விசயம், மாஸ்டர்? ஊரில எல்லாரும் சொல்லுறதுதானே" என்றார் ஒரு தந்தை. அதனால்தான் பெரிய விடயம் என்றேன். ரெஜினா என் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்து, ஓரிடத்தில் ஒற்று மிகவில்லை என்று சுட்டிக் காட்டினாள்.

இதை ஊவேயிடம் சொன்னேன். அவர் ஹெர் லோரன்ஸிடம் போய், கடைசிப் பகுதியில் டொட்சனைச் சந்தையில் காணும் மீன்வியாபாரிக்கு மைஸ்டர்தான் குரல் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். ஒரு வாக்கியம்: "இவர்தான் கொலேக." கொலேகயை அன்று தன்னிடம் சொன்னபடியே, பிழையோடு, சொல்லவேண்டும் என்பது ஊவேயின் நிபந்தனை.

"டீ கொலேக" என்றேன், மைக்கின் முன் கோட்டோடு நின்று. இயக்குநர் கையைத் தூக்கினார்: "ஹெர் சவ்ரி, அது 'டேர்'! நீங்களே பிழை விடுறீங்கள்?"

"பொருந்துது" என்றார் பிறவ் ஹில்டா, பின்னலிலிருந்து நிமிராமலே.

என் பணிக்காலத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பிழை விடாத வாய் என்று ஒன்று இல்லை, நம் பிழை யாருடைய தலையில் போய் இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். அந்தப் பகுதி மறு ஒளிபரப்பாகும்போதெல்லாம் யாராவது தொலைபேசி எடுத்து, "மாஸ்டர், அது டேர் எல்லோ?" என்று கேட்பார்கள். இல்லை, அந்த இடத்தில் டீதான் சரி என்று சொல்லி வைத்துவிடுவேன்.