படம் பார்த்து சந்தாபுராவுக்கு

காது போன பிறகு நான் முதலில் இழந்தது அப்பாவைத்தான். அவர் உயிரோடுதான் இருந்தார், சந்தாபுராவில், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. நான் காக்ஸ் டவுனில். இரண்டும் பெங்களூர் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். நடுவில், வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும் சில்க் போர்டு சிக்னல் இருக்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்பாவும் நானும் தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. பீன்யாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் யாரோடு யாருக்குச் சண்டை, அவர் தெருவில் தண்ணீர் லாரி வந்ததா, அம்மா இல்லாத வீட்டில் அன்று என்ன குழம்பு, இவ்வளவுதான். பிறகு எனக்கு ஒரு கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சலும் அதற்குக் கொடுத்த மருந்தும் சேர்ந்து இரண்டு காதையும் எடுத்துக்கொண்டன. மிஷின் வைத்துப் பார்த்தோம். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. போன் நின்றுபோனது. நான் பேசலாம், அவருடைய பதில் எனக்குக் கேட்காது. இரண்டு முறை அப்படிப் பேசிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. வீடியோவில் கூப்பிட்டால் அவருடைய நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும்.

எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள மெல்ல மெல்லப் பழகினேன். பார்ப்பதற்குச் சுலபம் போலத் தெரியும். ஆனால் அப்பா, அம்மா என்ற இரண்டு சொல்லும் உதட்டில் ஒன்றேதான். முன்னால் வந்த சொல்லையும் பின்னால் வந்த சொல்லையும் பிடித்து நடுவில் இருப்பதை ஊகிக்க வேண்டும். அதற்கு ஆள் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் காரில் என்னை அப்பா வீட்டுக்கு அழைத்துப் போவார். அப்பா என்னைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார். நான் ஒரு முறை "என்ன?" என்று கேட்டதும் முகம் மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிடும். அதன் பிறகு என் பக்கம் வராது. இருவரும் வெகுநேரம் பேசுவார்கள். "என்ன சொல்றாரு?" என்று கணவரைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, தண்ணி பிரச்சினை" என்பார். அத்தனை நேரப் பேச்சும் இரண்டு சொல்லாகச் சுண்டி என்னிடம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் கணவரின் தோளைத் தட்டினேன்.

"உங்கம்மா ஞாபகம் வந்துடுச்சாம்" என்றார்.

"அதான் தெரியுதே. என்ன சொன்னாரு?"

"வீட்டுக்குப் போய் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பாதி மறந்துபோயிருந்தது. மீதிப் பாதியை எனக்கு வலிக்காதபடி மழுப்பிச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஒருவருக்காக இன்னொருவர் காதாக இருக்க முடியாது. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் எதிரில் நான் தனியாக உட்கார வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள அங்கே வேறு ஆள் இருக்கக் கூடாது.

"அதுக்கு பஸ்ல போலாமே" என்றார் கணவர்.

"நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் முதலில் லைசென்ஸ் எடுத்தது நான். அவருக்கே நான்தான் கிளட்ச் பழக்கினேன். காது போன பிறகு சாவி தானாகவே அவர் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. யாரும் பிடுங்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"ஹார்ன் கேக்காம எப்படி ஓட்டுவ?"

"கேக்கிறவங்க மட்டும் ஹார்னுக்கு ஒதுங்குறாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "ஆம்புலன்ஸ் வந்தா?"

அது நியாயமான கேள்வி. "லைட்டு தெரியும். முன்ன பாத்ததைவிட அதிகமா கண்ணாடியப் பாக்கணும். பாப்பேன்" என்றேன். காது கேளாதவர்கள் வண்டி ஓட்டச் சட்டம் இடம் தருகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் சான்று வாங்கினேன். ஆர்டிஓ அலுவலகத்தில் மறுபடியும் ஓட்டிக் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மூன்றாவது முறை சொல்வதற்குள் எடுத்துக் காட்டிவிட்டேன்.

ஓட்டுவதில் குறை வரவில்லை. வழிதான் படுத்தியது. முன்பெல்லாம் போனில் ஒரு குரல், அடுத்த இடதில் திரும்பு என்று சொல்லிக்கொண்டே வரும். கண் ரோட்டில் இருக்கும், காது வழியில் இருக்கும். இப்போது வெறும் நீலக்கோடும் அம்பும்தான். மேம்பாலம் வரும் இடத்தில் மேலே போகிற ரோடும் கீழே போகிற ரோடும் திரையில் ஒரே கோடாகத் தெரியும். எதில் ஏற வேண்டும் என்று நான் உற்றுப் பார்க்கும் நேரத்தில் முன்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றிருக்கும். கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்த முதல் நாள், தொம்லூர் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டி வழி காட்ட, நான் அவர் கையைப் பார்க்க, இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பினோம். அவர் சாவியை ஆணியில் மாட்டினார். நான் அதை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பீன்யாவில் என்னோடு வேலை பார்ப்பவள் ஒருத்தி, துமகூர்க்காரி. என்னிடம் கன்னடம் கலந்த தமிழில், வாயை நன்றாகத் திறந்து பேசுவாள். ஒருநாள் நல்ல மழை. மெட்ரோ ஸ்டேஷன் வரை விடுகிறேன் என்று அவளுடைய புதுக் காரில் ஏற்றிக்கொண்டாள். வழியில் ரோடு அடைத்திருந்ததால் எனக்குப் பழக்கமில்லாத தெருக்களுக்குள் புகுந்தாள். வண்டியின் வழிகாட்டித் திரையில் திடீரென ஒரு போட்டோ வந்தது. பச்சை பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் இடது பக்கம் வளைந்த அம்பு. நிமிர்ந்து பார்த்தேன். மழைக்கு நடுவில் அதே பச்சைத் தொட்டி நின்றிருந்தது. அவள் அதை ஒட்டித் திரும்பினாள். அடுத்து ஒரு பெட்ரோல் பங்க்கின் படம் வந்தது. பங்க்கும் வந்தது.

சிக்னலில் அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "அந்தக் குரல் தொணதொணன்னு இருக்கு, அணைச்சிட்டேன். படம் சாக்கு" என்றாள். போதும் என்பதற்கு அவள் எப்போதும் சாக்கு என்றுதான் சொல்வாள்.

காது கேட்கிறவர்களுக்காகச் செய்த பொருள் அது. ஆனால் ஒரு மாற்றமும் செய்யாமல் எனக்கு அப்படியே பொருந்தியது.

அந்த வாரமே எங்கள் பழைய காரிலும் அதே மாதிரி திரையைப் பொருத்தினோம். நான் உடனே கிளம்பிவிடவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியிலேயே உட்கார்ந்து, காக்ஸ் டவுனிலிருந்து சந்தாபுரா வரை வரும் படங்களை வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அல்சூர் ஏரிக்கரை முனை. வெள்ளைக் கோபுரம் வைத்த ஒரு சர்ச். நீலக் கண்ணாடிக் கட்டிடம். மேம்பாலம் ஏறும் இடத்தில் ஒரு பெரிய விளம்பரத் தூண். சந்தாபுரா வந்ததும், பாலத்தில் ஏறாமல் கீழே இறங்க வேண்டிய இடத்தில் ஒரு பேக்கரி. கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் சாயங்காலந்தோறும் பார்த்தேன். ஓட்டும்போது திரையை ஒரு வினாடிக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். கணவர் கேட்டைத் திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்து, நான் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னார்: "வழி தப்பிடுச்சுன்னா ஓரமா நிறுத்து. மெசேஜ் போடு. ஆட்டோ புடிச்சு வந்துடறேன்."

முதல் பாதி அழகாகப் போனது. படம் வரும், நிமிர்ந்தால் அந்த இடம் வரும். பிறகு ஒரு மஞ்சள் கல்யாண மண்டபத்தின் படம் வந்தது. அதைத் தாண்டியதும் இடது. நான் மஞ்சளைத் தேடிக்கொண்டே போனேன். தகர வேலி வந்தது, முடியவே இல்லை. வேலிக்குப் பின்னால் கிரேன். மண்டபத்தை இடித்துவிட்டார்கள் என்று புரிந்தபோது திரும்ப வேண்டிய இடம் பின்னால் போய்விட்டிருந்தது. பின்னால் ஒரு லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. முதலில் கிடைத்த தெருவில் திருப்பி, ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

போனை எடுத்து, "வழி தவறிடுச்சு" என்று கணவருக்கு டைப் அடித்தேன். அனுப்பப் போன விரல் நின்றது. அனுப்பினால் அவர் வந்துவிடுவார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்தான் வருவார். அழித்தேன்.

இறங்கி இளநீர்க்காரரிடம், சந்தாபுரா போகும் ஹோசூர் ரோட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் கன்னடத்தில் மளமளவென்று ஏதோ சொன்னார். "காது கேக்காது, மெதுவா சொல்லுங்க" என்று காதைத் தொட்டுக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். முந்தே என்றால் முன்னால், ஹிந்தே என்றால் பின்னால். முந்தே என்பதற்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். அவருக்கு ஒட்டவில்லை. பின்னால் போக வேண்டும். "ஹிந்தேயா?" என்று கேட்டேன். ஆமென்று தலையை ஆட்டினார். தகர வேலி முடியும் இடத்தில் எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருப்பதை இரண்டு கையாலும் கோபுரம் போல் காட்டிப் புரியவைத்தார். ஒரு இளநீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பினேன். கோயில் இருந்தது. அதற்கு நேரே ரோடு பிரிந்தது.

அப்பா வீட்டு கேட் அருகில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் காரின் மறுபக்கக் கதவைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

"மாப்பிள்ளை எங்க?" அதைப் புரிந்துகொள்ள உதடு தேவைப்படவில்லை.

"வரல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

உள்ளே நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரில், ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி போட்டு உட்கார்ந்தேன். "அன்னைக்கு கண்ணத் துடைச்சிக்கிட்டு என்னவோ சொன்னீங்களே, அதை எங்கிட்ட சொல்லுங்கப்பா" என்றேன். அவர் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி சொன்னார். மேலுதட்டை மூடிக்கொண்டு அவருடைய மீசை தொங்கியது. கீழுதடு மட்டும் அசைந்தது. இவ்வளவு தூரம் வந்து, வேலி போட்ட இன்னொரு இடத்தில் நிற்கிறேனே என்று இருந்தது.

"அப்பா, உங்க பேச்சு பாதி மீசையில மாட்டிக்குது" என்றேன்.

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்தேன், பாத்திரம் கழுவினேன், வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். எதிர்த்த சலூனில் மீசையை முழுக்க எடுத்திருந்தார். பிறந்ததிலிருந்து நான் பார்க்காத மேலுதடு வெளுப்பாக, சின்னதாக இருந்தது. அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அம்மா போனப்புறம் சாயங்காலம் ஆனா நீ பேசுவ. இப்ப நீயும் பேசறதில்ல. சாயங்காலம் வந்தா என்ன பண்றதுன்னு தெரியல பாப்பா."

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. இதைத்தான் என் கணவர் எனக்கு வலிக்கக் கூடாது என்று சுருக்கியிருந்தார். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அது எனக்கு வர வேண்டிய வலி, வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

"சனிக்கிழமை சனிக்கிழமை வரேன்" என்றேன். "அந்த வாரத்துப் பேச்சையெல்லாம் சேத்து வைங்க."

அதன்படியே போகிறேன். இடித்த மண்டபத்தின் படத்தை மாற்றச் சொல்லி, பிள்ளையார் கோயிலைப் படம் எடுத்து அந்த வழிகாட்டிச் செயலிக்காரர்களுக்கு அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரம் வெயில் சாய்வதற்குள் போய் இறங்கி மறுபடி எடுத்தேன். அதையும் ஏற்கவில்லை. எதிர்ப் பக்கத்து நடைபாதையில் ஏறி, ரோடு பிரியும் இடமும் சேர்ந்து தெரியும்படி எடுத்து அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து அந்த இடத்துக்கு வந்தபோது திரையில் கோயில் வந்தது. என்னைப் போல யாரோ ஒருத்தி இனி மஞ்சள் மண்டபத்தைத் தேடி அலைய மாட்டாள்.

இப்போதெல்லாம் அப்பாவும் சில நாள் வண்டியில் ஏறிக்கொள்கிறார். மாத்திரை வாங்க, ஆனேக்கல்லில் ஒரு சிநேகிதரைப் பார்க்க என்று ஏதாவது காரணம் சொல்வார். திரையில் படம் வந்தால் விரலால் தொட்டுக் காட்டி, பிறகு வெளியே அந்தக் கடையையும் காட்டி, சரியாக வந்ததா என்று தானே சோதித்துக்கொள்வார். வண்டி ஓடும்போது பேசக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன். சிக்னல் சிவப்பானதும் உடம்பையே திருப்பி என் பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார். பச்சை விழுந்தால் சொல்லின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டு, அடுத்த சிவப்புக்காகக் காத்திருக்கிறார்.