ஒரு படி கூடுதல் வெளிச்சம்

"வைகாசி 11, ஞாயிறு. காலை பத்தே கால். மகள், நீலச் சேலை. விளக்கு இடப்பக்கம், மூன்றடி. படம் நான்கு: நிறம் சரி. படம் ஒன்பது: முகத்தில் ஒரு படி கூடுதல். அனுப்பியது ஒன்பது. நன்று."

என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். கடைசிச் சொல்லை அடித்துவிடலாம். எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கில்லை.

ஸ்டுடியோ பிளாஷ் வாங்கியது அதற்கு மூன்று மாதம் முன்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு. ஒரு விளக்கு, அதன் முன்னால் மாட்டும் வெள்ளைத் துணிப்பெட்டி, ஒரு ஸ்டாண்டு, படம் எடுக்கும்போது விளக்கை மின்னவைக்க கேமராவின் தலையில் செருகும் டிரிக்கர். இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் சன்னல்களைச் சாத்திவிட்டு முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் பாதி கறுப்பு. விளக்கு பழுது என்று கடைக்காரரிடம் போனில் சண்டை போட்டேன். பழுது என்னிடம் இருந்தது. ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் வைத்திருந்தேன். பிளாஷ் மின்னும் நொடியில் கேமராவுக்குள் இருக்கும் ஷட்டர் திரை முழுதாகத் திறந்திருக்க வேண்டும்; அந்த வேகத்தில் அது பாதிதான் திறக்கும். வேகத்தை நூற்று அறுபதுக்கு இறக்கியதும் கறுப்பு போயிற்று.

மனைவி இரண்டு நாள் எதிரில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினாள்.

"தேங்காய வச்சுப் படியுங்க. அதுக்குக் கண்ணு மூணு இருந்தாலும் மூடாது" என்று எழுந்து போய்விட்டாள்.

முக்காலியில் தேங்காயை வைத்துத்தான் கற்றேன். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால் நிழலின் ஓரம் இளகும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை நிறுத்தினால் இருண்ட கன்னமும் எழுந்துவரும். எல்லாம் தேதியோடு எழுதி வைத்தேன்.

அப்போதுதான் கல்யாணத் தரகர் போன் செய்தார். "ஜாதகம் பத்துக்கு எட்டு பொருந்தியாச்சு சாரே. பிள்ளைக்க படம் ஒண்ணு வேணும்."

மகளுக்கு இருபத்தொன்பது வயது. நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாநிறம் என்று நாங்கள் எழுதிக்கொடுப்போம், உண்மையில் கறுப்பு. இதற்கு முன் இரண்டு வரன்கள் படம் பார்த்ததோடு நின்றுபோயின. ஆனாலும் ஸ்டுடியோவுக்குப் போக மாட்டேன் என்றாள்.

"அவன் கம்ப்யூட்டர்ல என்ன மாவுல புரட்டி எடுத்துருவான். அப்பா எடுக்கட்டு. பாக்க வாறவன் என்னத்தான் பாக்கணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. நான்காவது படத்தைக் கேமராத் திரையில் காட்டினேன். கன்னத்தின் நிறம், மூக்கோர மச்சம், கண்ணில் சின்னச் சதுரமாக விளக்கு. "இது போதும்பா, இத அனுப்புங்க" என்றவளை மனைவி விடவில்லை.

"இன்னும் ரெண்டு எடுங்க. கொஞ்சம் தெளிவா."

தெளிவு என்று அவள் எதைச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். விளக்கின் குமிழைத் திருகி வெளிச்சத்தை ஒரு படி, அதாவது இரு மடங்கு, கூட்டினேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லையே, வெளிச்சம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் சேலை மாற்றக் கீழே போனதும் ஒன்பதாவது படத்தைத் தரகருக்கு அனுப்பினேன்.

வைகாசி 25, ஞாயிறு, அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து வந்தார்கள். பையன், பெற்றோர், ஒரு சித்தி. முந்திரிக்கொத்துத் தட்டோடு மகள் வந்து நின்றாள். சித்தி போனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போற பிள்ளையல்லா, வெயிலு கொண்டிருக்கும்."

"ஆமா, வண்டியிலல்லா போயிட்டு வாறா" என்றாள் என் மனைவி.

"வெயில் இல்ல" என்றாள் மகள். "நான் பிறந்ததுலேந்து இப்பிடித்தான்." பிறகு சித்தியிடம் கையை நீட்டினாள். "அந்தப் படத்த நான் பாக்கலாமா?"

பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பையன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கையில் வைத்திருந்தான்.

அவர்கள் போனபின் மாடிக்கு வந்தாள். "அப்பா, நான் சொன்ன படத்தையா அனுப்புனிய?" குறிப்பேட்டை எடுத்து அவளே படித்தாள்.

"எங்க லேப்ல ஒருத்தருக்குச் சக்கரை கூடுதலா இருந்தா, பாவம்னு நான் குறைச்சு எழுதிக் குடுக்கட்டா?"

"உனக்காகத்தான் மக்கா…"

"எனக்காவ இல்ல. அந்தப் படத்துல உள்ள பிள்ளைக்காவ."

மூன்றாம் நாள் தரகர் சொன்னார்: "ஜாதகத்துல ஒரு சின்ன தோசம் இருக்குன்னு சொல்லுகாவ சாரே." பத்துக்கு எட்டு பொருந்திய அதே ஜாதகம்.

அதைக் கேட்டு அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறாள், ஆறரைக்கு வருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மாடியறைக்கு வருவதில்லை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் படம் யார் யாரிடம் போயிருக்கிறதோ, எல்லாரிடமிருந்தும் அழிக்க வேண்டும்.

தரகரை நேரில் போய்ப் பார்த்தேன். நான்கு வீட்டுக்கு அனுப்பியதாகச் சொன்னார். சற்றுப் பொறுத்து, ஆறாகவும் இருக்கலாம் என்றார். "நல்ல படமாக்கும் சாரே, அதான் அனுப்புனேன்." எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லி அழித்தாயிற்று என்று இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். மகளிடம் அப்படியே சொன்னேன். "நீங்க பாத்தியளா?" என்றாள்.

பார்க்கவில்லை. அந்த வீடுகளின் பெயர்களைத் தரகர் தரவில்லை. படம் அழிக்கப்பட்டது என்பது அவர் சொன்னது மட்டுமே, இதுவரை சரிபார்க்கப்படவில்லை.