பழைய வாட்ச்சும் என் போர்வைச் சோதனையும்

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் வாசலில் நிற்பது என் வேலை. பழைய இரும்பு ஏற்றி வரும் ஒவ்வொரு லாரியையும் கதிர்வீச்சு மீட்டரோடு சுற்றி வருவேன். மீட்டர் கத்தாவிட்டால்தான் வண்டி உள்ளே போகும். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்போதுதான் என் முட்டாள்தனத்தின் முழு உயரமும் தெரியும்.

எனக்குச் சாவி கொடுக்கும் பழைய வாட்ச் என்றால் பைத்தியம். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஏழு இருக்கின்றன. ஏழும் ஏழு நேரம் காட்டும், அசையாமல் காட்டும். எட்டாவதை மணவாள நகரில் ஒரு ரிப்பேர் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தேன். கறுப்பு டயல், தடித்த எண்கள். அதிசயமாக ஓடவும் செய்தது.

"ரெண்டு நாள் கட்டிப் பாருப்பா. புடிச்சா காசு குடு, புடிக்கலன்னா வாட்ச்ச குடு" என்றார் கடைக்காரர்.

வீட்டு வாசலிலேயே மனைவி தடுத்தாள். மகளுக்குப் பத்து மாதம், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

"அந்தக் காலத்து வாட்ச்சுல இருட்டுல மின்னறதுக்கு ரேடியம் பூசுவாங்களாமே. கொயந்த இருக்கற ஊடு. அது இல்லன்னு காட்டு, உள்ள எடுத்துக்கினு வா. இல்லன்னா அந்த டப்பாவும் சேந்து வெளிய போவும்."

ஆக, எட்டு வாட்ச்சின் தலையெழுத்தும் என் கையில். போனில் மூன்று வீடியோ பார்த்து நிபுணனானேன். எண்களின் பூச்சு டீக்கறை நிறத்துக்கு மாறியிருந்தால் சந்தேகப்படு என்றார்கள். மாறியிருந்தது. பழசின் அழகு என்று சொல்லிக்கொண்டேன். முட்கள் வெகுநாள் நின்ற இடத்தில் டயல் கருகியிருக்கும் என்றார்கள். முள் வடிவத்திலேயே ஒரு கறை இருந்தது. துரு என்றேன். டயலின் அடியில் ஆங்கில 'T' எழுத்து இருந்தால் அது ரேடியம் அல்ல, டிரிடியம் என்ற வேறு சரக்கு என்றார்கள். எழுத்து இல்லை. தேய்ந்து போயிருக்கும் என்றேன்.

மிச்சம் இருட்டுச் சோதனை. மத்தியானம் மொட்டை மாடியில் இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு வாட்ச்சோடு உட்கார்ந்தேன். திருவள்ளூர் வெயிலில் நான் வேகும் வாசனை எனக்கே வந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அக்காவின் குரல் கேட்டது.

"இன்னாமா, ஊட்டுக்காரருக்குக் குளிர் ஜொரமா?"

"இல்லக்கா, மணி பாக்குறாரு" என்றாள் மனைவி.

கால் மணி நேரம் பார்த்தேன். துளி வெளிச்சம் இல்லை. எனக்குச் சாதகமாகப் பேசிய ஒரே சாட்சி அதுதான் என்பதால் அதை மட்டும் நம்பினேன்.

"மின்னலன்னா இல்லன்னு அர்த்தமா?" என்றாள் மனைவி. "நல்லா விசாரிக்கற வரைக்கும் வண்டிப் பெட்டியிலயே கெடக்கட்டும்."

மறுநாள் வேலைக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன், வலது கையில். ஏனென்றால் மீட்டர் பிடிக்கும் கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

முதல் லாரியிலேயே மீட்டர் கத்தியது. ஓரங்கட்டச் சொன்னேன். முன்பக்கம் கத்தியது, பின்பக்கம் கத்தியது. கேபினுக்குள் நீட்டினால் அங்கேயும் அதே அலறல். டிரைவர் ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். அவருடைய சாப்பாட்டு டப்பாவையும் நான் விடவில்லை.

"நைனா, அதுல புளி சோறுதான் கீது" என்றார்.

பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டு முப்பது அடி பின்னால் போனேன். அங்கும் குறையவில்லை. லாரி பாவம், சும்மா நின்றது. டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோச்சிக்காதீங்க சார். மிஷின அந்தக் கைக்கு மாத்திப் புடிங்க."

இடது கைக்கு மாற்றி நீட்டிப் பிடித்தேன். அமைதி. வலது மணிக்கட்டுக்கு அருகே கொண்டுவந்தேன். ஊரைக் கூட்டியது.

"லாரி நல்லாத்தான் கீது. உங்களத்தான் உள்ள உடக்கூடாது" என்றார்.

அதிகாரி வந்து வாட்ச்சை உறையிலிட்டு டப்பாவில் மூடினார். மின்னும் பொடிதான் செத்துப் போகும், ரேடியம் ஆயிரம் வருடம் தாண்டியும் சாகாது என்றார். வாட்ச்சின் மூடியைத் திறக்கக் கூடாது, பூச்சைச் சுரண்டக் கூடாது. அந்தத் தூள் உடம்புக்குள் போவதுதான் ஆபத்து.

"மீட்டர் உங்கிட்டதான கீது. மொதல்லயே அதுல வெச்சுப் பாக்கத் தோணலியா?"

"அது லாரிக்குன்னு நெனச்சேன் சார்."

சாயங்காலம் கடைக்காரரிடம் வாட்ச்சை டப்பாவோடு திருப்பிக் கொடுத்தேன். "அந்தப் பெயிண்ட்ட மட்டும் சொரண்டிக் குடுத்துடட்டா?" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, அதிகாரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்து, யாருக்கும் விற்கவும் வேண்டாம் என்றேன்.

வீட்டுக்குப் போனால் பிஸ்கட் டப்பா வாசலுக்கு வெளியே இருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மனைவி சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு டப்பாவைக் காட்டி, "இதுங்களையும் நாளைக்கு உன் மிஷின்ல காட்டிக்கினு வா" என்றாள்.

மறுநாள் காலை எடைமேடை ஓரத்தில் ஏழையும் வரிசையாக வைத்து, வாட்ச் கட்டாத கையால் மீட்டரைப் பிடித்தேன். ஏழும் சத்தம் காட்டவில்லை. ஓடாத வாட்ச்சுகள் என் மானத்தைக் காப்பாற்றியது அன்றைக்குத்தான். பின்னால் ஹாரன் கேட்டது. அதே டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், இன்னிக்கு லோடு சின்னதா கீது?"