பின்சீட்டில் வந்த வியாதி

இஸ்திரியம்மாவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவள் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பல வருடமாக நின்றபடியே வேலை. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவள் கைபட்டுத்தான் மாடிக்குப் போகும். வேலைக்கு வருவதும் போவதும் சைக்கிளில். வழியில் ஒரு மேம்பாலம். அந்த ஏற்றத்தில் எவன் முந்தினாலும் அவளுக்குப் பொறுக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்து, அவனைத் தாண்டிய பிறகுதான் மனசு ஆறும். அந்த வீம்புதான் அவளுக்கு மருந்தாக இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மகனுக்கு நல்ல வேலை கிடைத்தது. முதல் காரியமாக ஒரு மோட்டார் பைக் வாங்கினான். "இனிமே நீ மிதிக்கக் கூடாதும்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை, அம்மாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தே பள்ளிக்கூடம் போனவன். அவன் அப்படிச் சொன்னதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்கள். மருமகள் அதில் ஈரத்துணி காயப்போட்டாள். இஸ்திரியம்மா பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து போய், மருத்துவமனை வாசலில் மகாராணி மாதிரி இறங்குவாள். காவலாளி எழுந்து நிற்பார். சும்மா சொல்லக் கூடாது, அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. உடுப்பெல்லாம் இறுகியது. முதல் மாடிப் படி ஏறுவதற்குள் நெஞ்சு படபடத்தது. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அடுத்த பரிசோதனையில் இறங்காவிட்டால் ஊசிதான், தினமும். ஊசி என்றாலே இவளுக்குக் குலை நடுங்கும். சாப்பாடும் அளவுதான், மாத்திரையும் ஒழுங்குதான், பிறகு எங்கே கோளாறு? வேலைக்கு எப்படி வருகிறீர்கள் என்று கேட்டார் டாக்டர். மகன் வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறான் என்று பெருமையாகச் சொன்னவள், அதற்கு முன்னே எப்படி வருவீர்கள் என்ற அடுத்த கேள்வியில்தான் வீட்டுக்குப் பின்னால் கிடந்த சைக்கிளை நினைத்தாள்.

பாவிப் பிள்ளை, பாசத்தாலேயே அல்லவா முடக்கிப் போட்டிருக்கிறான்!

அன்று மாலையே ஈரத்துணியை அள்ளிப் போட்டுவிட்டுச் சைக்கிளைத் துடைத்தாள். மகன் குதித்தான். அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது என்றான். பைக் வைத்திருக்கிறவன் பெற்றவளை மிதிக்க விட்டிருக்கிறான் பார் என்று ஊரே பேசும் என்றான்.

"ஊரா வந்து எனக்குப் பதிலா ஊசி குத்திக்கப் போகுது?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் காலை பார்த்தால் சைக்கிளில் சீட்டைக் காணோம். கழற்றித் தன் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டுவிட்டான் மகராசன்.  இவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அவன் விடுவானா? பைக்கைக் கிளப்பி, அவள் நடைக்கு ஈடாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஏறும்மா, ஏறும்மா என்று ஒரே கெஞ்சல். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள், பிள்ளை இவ்வளவு கூப்பிடுகிறானே, இவளுக்கு என்ன திமிர் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாலத்தில் மூச்சு முட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள், மறுபடி நடந்தாள். தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். சாயங்காலம் சைக்கிள் கடையில் புதுச் சீட்டு ஒன்று வாங்கி வந்தாள். மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி, தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அதன்பிறகு தினமும் சைக்கிள்தான். முதலில் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். போகப்போகப் பாதிவரை மிதித்தாள். முட்டி வலித்த நாளில் நடந்தாள். மகன் அவளோடு பேச்சை நிறுத்தினான். சோறு வேண்டுமா என்பதைக்கூட மருமகள்தான் இங்கிருந்து அங்கே கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மௌனம் அவளுக்கு வலித்தது, இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் அவள் சைக்கிளை விடவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, மாத்திரை தொடரட்டும், ஊசி இப்போதைக்கு வேண்டாம், மிதிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் வந்து சொன்னாள். மகன் முகம் மலர்ந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டான். "அதான் சரியாப் போச்சுல்ல? நாளையிலருந்து பைக்ல வந்துடும்மா" என்றான்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்து எதிரே உட்காரவைத்தாள்.

"எனக்கு முடியாமப் போற நாள் ஒண்ணு வரும்டா. அன்னைக்கு நீதான் தூக்கணும், வேற யாரு இருக்கா எனக்கு? அப்ப வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்பவே தூக்கித் தூக்கி, அந்த நாளைச் சீக்கிரம் கூட்டிட்டு வந்துடாதே."

அவன் கண் கலங்கியதைப் பார்த்தும் அவள் இளகவில்லை. இளகினால் மறுபடி பின்சீட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை அவன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். அவள் சைக்கிளைத் தெருவில் இறக்கி மிதித்துக்கொண்டு போனாள். அவன் பின்னால் வரவில்லை.