பதினாறு கொடுக்கும் வண்டி

எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கியவனைப் பார்த்தால் நல்லா இருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. "எவ்ளோ குடுக்குதுங்க?" என்றுதான் கேட்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள். இழவு வீட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட, செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி முடித்ததும் அடுத்த பேச்சு அதுதான்.

நான் பிக்கப் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வெண்ணந்தூரில் எனக்குக் கொஞ்சம் காடு கழனி உண்டு. அது போக, வாடகைக்குச் சின்ன வெங்காயமும் மாட்டுத் தீவனமும் ஏற்றிப் பிழைக்கிறேன். பழைய வண்டி புகை கக்கியே ஓய்ந்து போனதால் சேலத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய ஒரு தம்பி என்னை ஏசி அறையில் உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, பதினேழு கொடுக்கும் சார் என்றான். வெளியே அடித்த வெயிலுக்கு அந்த அறையில் அவன் இருபத்தேழு என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

வந்த வண்டியை வந்தபடியே ஓட்டினால் எங்கள் ஜில்லாவில் மானம் போய்விடும். எங்கோ பத்து இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, எடையைக் குறைத்துக் குறைத்துச் செய்து அனுப்பிய பின்பெட்டியை, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரே காலையில் கழற்றிப் போட்டோம். "இந்தத் தகரம் நம்ம ரோட்டுக்குத் தாங்காதுங்க" என்றார் பட்டறைக்காரர். தாங்காது என்று எனக்கும் தெரியும் என்பதுபோல நானும் ஆமாங்க என்றேன். அப்புறம் அவர் கெட்டி இரும்பில் புதுப் பெட்டி கட்டினார். முன்பக்கம் யானை முட்டினாலும் அசையாத ஒரு கம்பி வேலி போட்டார். வெண்ணந்தூரில் யானை கிடையாது. தலைக்கு மேலே காற்றை மல்லுக்கட்டி நிறுத்துகிற மாதிரி ஒரு பலகை வைத்து, அதில் எங்கள் குலதெய்வத்தின் பெயரை எழுதினார். ஆக, என்றைக்கும் இறக்க முடியாத ஒரு லோடை முதலிலேயே ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

மைலேஜ் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரே முறைதான். பங்கில் டேங்க்கை வாய்வரைக்கும் நிரப்ப வேண்டும். வண்டியைப் பிடித்து ஆட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, டீசல் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். ஓடிவிட்டு வந்து, அதே பங்கில், அதே குழாயில் மறுபடி வாய்வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் கிலோமீட்டரை வகுக்க வேண்டும். வகுத்தேன். பதினொன்று வந்தது. போன் சரியாகக் கணக்குப் போடவில்லை என்று பேனாவை எடுத்துக் கையில் வகுத்தேன். அப்போதும் பதினொன்றுதான் வந்தது.

"டீசல் ஊத்தறப்ப நீங்களும் கொஞ்சம் குடிச்சுப் போட்டீங்களா?" என்றாள் என் மனைவி. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

பிறகு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. டயரில் காற்றை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். ஏசியை அணைத்துவிட்டு சித்திரை மாத வெயிலில் வெந்துகொண்டே ஓட்டினேன். நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டியதில் மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துப் போகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். சர்வீஸுக்கு விட்டால் அங்கே இருந்த மேனேஜர், "அஞ்சாயிரம் ஓடட்டுங்க, இன்ஜின் செட்டாகோணும்" என்றார். ஐயாயிரம் ஓடிப் போனால், "பத்தாயிரம் ஓடட்டுங்க" என்றார். பத்தாயிரமும் ஓடிப் போய் நின்றேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒண்ணும் இல்லீங்க. ஓட்டற விதத்துலதான் இருக்குது" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனிடம் சொன்ன வார்த்தை அது. என் பிறப்பைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இதை வெளியே சொல்ல முடியுமா? பதினொன்று என்று சொன்னால் இரண்டில் ஒன்றுதான் அர்த்தம். ஷோரூம்காரன் என்னை ஏமாற்றிவிட்டான், இல்லையென்றால் எனக்கு ஓட்டத் தெரியவில்லை. இரண்டில் எதை நான் ஒத்துக்கொள்வது? அதனால் யார் கேட்டாலும் பதினாறு என்றேன். கம்பெனிக்காரன் சொன்னது பதினேழு, நான் அதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன் என்றால் அது என் அடக்கம். "ஏசி போட்டாலுமுங்களா?" என்று சிலர் கேட்பார்கள். "ஏசி போட்டாத்தானுங்க பதினாறு" என்பேன். பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

என் தங்கையை எருமப்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரருக்குத் தீவன மில்லில் வேலை. நல்ல மனுஷன், தன் அப்பா முன்னால் மட்டும் வாய் திறக்காது. தங்கை சும்மா இருக்கிற ஆள் இல்லை. பக்கத்துப் பண்ணைகளில் முட்டை எடுத்து மளிகைக் கடைகளுக்கும் புரோட்டாக் கடைகளுக்கும் போடுகிற ஒரு லைனைத் தனியாளாக உருவாக்கி வைத்திருந்தாள். கடை கடையாக ஏறி இறங்கிப் பிடித்த லைன் அது. வாடகை வண்டிக்காரர்கள் நினைத்த நேரத்துக்கு வருவார்கள், வராமலும் இருப்பார்கள். சொந்தமாக வண்டி எடுத்துத் தானே ஓட்ட வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. என் பழைய வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஒரு கோயில் நோம்பிக்கு அவர்கள் வீட்டில் விருந்து. இலையில் உட்கார்ந்ததும் அவள் மாமனார், எனக்கும் மாமாதான், வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எவ்ளோ குடுக்குதுங்க மாப்ளை?"

"பதினாறுங்க மாமா."

தங்கை என் இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "பாத்தீங்களா மாமா, அண்ணன் வண்டியாட்டமே வாங்கோணும்னு நான் சொன்னேனல்லங்க" என்றாள். அப்போதே நான் கையைக் கழுவிக்கொண்டு அவளைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அடுத்த மாதமே அதே வண்டி, அதே வெள்ளைக் கலரில் அவர்கள் வாசலில் நின்றது. அதையும் நாமக்கல் பட்டறைக்குக் கொண்டுபோய், என்னுடையது மாதிரியே வேண்டும் என்று சொல்லி இரும்பு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. முட்டை வண்டியைப் பொம்பளை ஓட்டுகிறாள் என்று ஊரே பார்த்தது. பிறகு ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் தீவனம் இறக்கப் போனவன், மதியம் அவள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். வண்டியைக் காணோம், ஆனால் அவள் வீட்டில் இருந்தாள். உள்ளே தரையில் உட்கார்ந்து கீறல் விழுந்த முட்டைகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்க போச்சு அம்மிணி?"

"அவங்க அத்தை பையன் ஓட்டீட்டுப் போயிருக்குதுணா. ரெண்டு மாசமா அதுதான் ஓட்டுது." தலையை நிமிர்த்தவில்லை.

கொல்லையிலிருந்து வந்த மாமா, அவளை மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார். "உங்குளுக்குப் பதினாறு குடுக்குது. இதே வண்டி, இதே பாடி. அம்மிணி ஓட்டுனா பதினொண்ணு, பன்னண்டத் தாண்ட மாட்டீங்குது. சர்வீஸ்லயும் ஓட்டற விதத்துலதான் இருக்குதுன்னு சொல்லிப் போட்டாங்க. கிளட்ச்சு மேல காலை வெச்சே ஓட்டுதாட்டம் இருக்குது. அதான் ஒரு ஆம்பளை ஆளாப் பாத்துச் சாவியக் குடுத்துட்டனுங்க."

"இப்ப எவ்ளோ குடுக்குதுங்க மாமா?"

"பத்து. அம்மிணி ஓட்டி இன்ஜினக் கெடுத்து வெச்சிருச்சுன்னு சொல்றானுங்க."

ஆயிரக்கணக்கான முட்டைகளை ஏற்றிக்கொண்டு, குண்டும் குழியுமான பண்ணைத் தடங்களில் ஒன்றுகூட உடையாமல் ஓட்டுகிறவளுக்கு ஓட்டத் தெரியாதாம். மீசை இருந்தால் பத்து கொடுத்தாலும் பரவாயில்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் ஏறிய கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மோரைக் குடித்துவிட்டுத் தங்கையைப் பார்த்து, "கியரச் சீக்கிரம் மாத்தோணும் அம்மிணி. ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, தடவோணும்" என்று பாடம் எடுத்தேன். பதினாறு கொடுக்கிறவன் அல்லவா நான்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செரிணா" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது. "மாப்ளை, யோசிச்சுப் பாத்தனுங்க. வண்டியும் கெட்டுப் போச்சு, அந்தப் பையனும் செரியா வாரதில்லை. முட்டை லைன இன்னொருத்தர் கேக்கறாரு, உட்டுப் போடலாமுங்க. வண்டிய நீங்களே எடுத்துக்கங்க. உங்க கைக்கு வந்தா அதுவும் பதினாறு குடுக்குமுங்க."

போனை வைத்தேன். அந்த லைன் போய்விட்டால் அவள் அந்த வீட்டில் நாளெல்லாம் என்ன செய்வாள் என்று நினைத்தேன். பதினொன்று கொடுக்கும் இன்னொரு வண்டியை என் தலையில் கட்டிவிடுவார்களே என்றும் நினைத்தேன். என் மனசாட்சியைக் கிளப்பியது இதில் எது என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் காலையிலேயே எருமப்பட்டிக்குக் கிளம்பினேன்.

வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "மாமா, என்ற வண்டி பதினாறு குடுக்கறதில்லீங்க. பதினொண்ணுதான். நான் சொன்னது பொய்யிங்க."

அவர் சிரித்தார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "தங்கச்சிக்காகப் பேசறீங்க. கூடப் பொறந்தவன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்றார். பதினாறு என்றபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய மனுஷன், பதினொன்று என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். நான் சத்தியம் செய்தேன். அதற்கும் அவர், பாசம் கண்ணை மறைக்குது என்றார்.

கடைசியில் டேங்க்கை நிரப்பிப் பார்ப்பது என்று முடிவானது. அவர்கள் வண்டிதான், ஒரே தடம்: நாமக்கல் போய், சேந்தமங்கலம் சுற்றி, திரும்ப வர வேண்டும். முதலில் நான் ஓட்டினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் அவ்வளவு பதவிசாக நான் ஓட்டியதே இல்லை. ஆக்சிலேட்டரைத் தடவு தடவென்று தடவினேன். பங்கில் நிரப்பி வகுத்தால் பதினொன்றுக்கும் கீழே வந்தது. பிறகு தங்கை ஓட்டினாள். ஏசியை அணைக்கவில்லை, மாமனார் பக்கத்தில் இருக்கிறார் என்று மெதுவாகவும் போகவில்லையாம். தினமும் எப்படிப் போவாளோ அப்படிப் போய் வந்தாள். பன்னிரண்டரை.

மாமா இரண்டு ரசீதையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில், பங்க்காரன் அளவில் ஏதோ கோளாறு என்றார். பங்க்காரர் ஐந்து லிட்டர் அளவுப் படியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அதற்கு அப்புறம் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நாளைக்கு முட்டைய நீயே ஏத்திக்க சாமி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சாவி அவள் கையிலேயேதான் இருந்தது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது அவள் வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். அத்தை பையன் இரண்டு மாதமாக உடைத்த முட்டையெல்லாம் பலகையில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

"என்ற வண்டியும் இவ்ளோதான் குடுக்கும்னு உனக்கு எப்பத் தெரியும் அம்மிணி?" என்று கேட்டேன்.

"மொத டேங்க்குலயே தெரிஞ்சு போச்சுணா. அதே வண்டி, அதே இரும்பு. உனக்கு மட்டும் எப்படிப் பதினாறு குடுக்கும்?"

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அப்புறம் ஏன் வாயத் தொறக்காம இருந்த? சாவியப் புடுங்குனாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமல்ல? எங்கண்ணன் பொய் சொல்லீட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே."

அவள் பெருக்குவதை நிறுத்திவிட்டு உள்ளே மாமா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"என்ற அண்ணன் பொய் சொல்லும்னு இந்த ஊட்டுல நின்னுட்டு நான் எப்படிணா சொல்றது? எனக்கு ஓட்டத் தெரியலைன்னே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."