பூமி ஏன் இழுக்கிறது

சந்திரனில் மனிதன் இறங்கிய செய்தி ரேடியோவில் வந்த காலையில் என் கணவர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளியில் பிரசாதம் செய்வது அவருடைய கைங்கரியம். நான் அதே ஊரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை.

"அங்க நடந்தா உடம்பு லேசா இருக்காமே, ஏன்?" என்று கேட்டார்.

"சந்திரன் சின்னது. பூமி இழுக்கறதுல ஆறுல ஒரு பங்குதான் இழுக்கும்."

"சரி, ஏன் இழுக்கறது?"

"புவியீர்ப்பு."

"அது பேரு. நான் காரணம் கேக்கறேன்."

"நிறை இருக்கற எதுவும் இன்னொண்ணை ஈர்க்கும்."

"அதான், ஏன்?"

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் என் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. "பாரு, இழுத்துடுத்து. ஏன்?" என்றார். கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை. கல் விழும் வேகம், கடல் பொங்குவது, சந்திரன் ஓடிவிடாமல் பூமியைச் சுற்றுவது என்று மூச்சு வாங்கச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நான் முடிப்பதற்காகக் காத்திருந்துவிட்டு மறுபடி "ஏன்?" என்பார். ஒரு மேதை, கனமான பொருளைச் சுற்றி இடமே வளைகிறது என்று கண்டுபிடித்திருப்பதாக ஒருநாள் சொன்னேன்.

"ஏன் வளையறது?"

அந்தச் சனிக்கிழமை ரயிலேறிப் பட்டணம் போனேன். கல்லூரியில் எனக்குப் பௌதிகம் நடத்திய பேராசிரியரைப் பார்த்துக் கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எவ்வளவு இழுக்கும்னு கேளும்மா, தசமப் புள்ளியோட சொல்றேன். ஏன்னு கேட்டா யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் கோயில்ல போய்க் கேளு."

"கோயில்லேர்ந்துதான் சார் கேள்வியே வருது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவு பெரிய படிப்பில் இவ்வளவு சின்னக் கேள்விக்கு இடமில்லையா என்று வழியெல்லாம் புகைந்துகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னேன்: "விசாரிச்சுட்டேன். யாருக்கும் தெரியாதாம். போறுமா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடுத்த அமாவாசைக்கு, நோய் தீர வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க ஊரெல்லாம் திரண்டது. புளியோதரைக்கு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "எங்காத்துல பட்டணம் வரைக்கும் போய்க் கேட்டுண்டு வந்துட்டா. பூமி ஏன் இழுக்கறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்று சொல்லியிருக்கிறார்.

அது கடம்பத்தூர்ப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வேறாகிவிட்டது. என் மாணவி ஒருத்தியின் அப்பா, நெல் விவசாயம் செய்கிறவர், திங்கட்கிழமை பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னா டீச்சரம்மா, பூமி இழுக்கறதே பொய்யின்னு சொல்லிக்கினு இருக்கீங்களாமே? பொண்ணு பரீட்சையில இன்னாத்த எழுதும்? ஊட்ல ஒரே பேஜாரா கீது."

"இழுக்கிறது நிஜம்தாங்க. ஏன்கிறதுதான்..."

"அப்போ இழுக்குதுன்னே எழுதிக் குடுத்துடுங்க."

பின்னாலேயே தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். புத்தகத்தில் இருக்கிற வரையறையை எல்லா வகுப்பிலும் இன்னொரு முறை சொல்லி எழுதவைக்கும்படி உத்தரவு.

அன்று சாயங்காலம் வீட்டில் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று கத்தினேன்.

"நான் ஒரு காரணம் சொன்னா அதுக்கு ஏன்னு கேப்பேள். அதுக்கும் சொன்னா அதுக்கும் ஏன்னு கேப்பேள். எந்தப் பதிலைச் சொன்னா நிறுத்துவேள்? அதைச் சொல்லுங்கோ மொதல்ல!"

சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"எனக்கும் தெரியலையேடி" என்றார். பிறகு சாப்பிட்டு முடித்தார். அதற்கப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வாரக்கணக்காக நான் படாத பாடு பட்டதெல்லாம் இதற்குத்தானா என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் வகுப்பில் வரையறையைச் சொன்னேன். நிறையுள்ள பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பேனாக்கள் மட்டும் ஓடின. யாராவது ஒருத்தி 'ஏன்' என்று கேட்டுத் தொலைக்க மாட்டாளா என்று பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். கடைசியில் அந்த விவசாயியின் பெண்தான் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், 'ஈர்க்கின்றன'வுக்குச் சின்ன ரவா, பெரிய றவா?"

"சின்ன ர" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.